கட்டுமரம் என்னும் பெயரும் கற்போர்க்குரிய கலமும்

தமிழிற் பிறந்து மேலைநாட்டு மொழிகளிற் குடிபுகுந்த சொற்களுள் 'கட்டுமரம்' என்பது கடல்வழியே சென்ற சொல். ஆங்கிலத்தில் அது 'கற்றமறான்' எனத் திரிந்து வழங்குகின்றது. ஆயினும் இன்று அச்சொல்லைக் கேட்கும் மேலைநாட்டவர் மனத்தில் எழுவது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையின் உருவம் அன்று. ஒடுங்கி நீண்ட இரண்டு உடல்களை இடைவெளி விட்டுக் குறுக்குத் தண்டுகளால் இணைத்து, நடுவே பாய்மரம் நாட்டி, காற்றின் வலியால் விரைந்தோடும் இரட்டைத் தோணியையே அவர்கள் எண்ணுவர். பாயோட்டம் பழகத் தொடங்குவோர் பலர் இவ்வகைக் கலத்தை நாடுகின்றனர். முதலில் வாங்கத்தக்க இரட்டைத் தோணி எது என்பது அவர்கள் கேட்கும் வினா. இது வெறுஞ் சந்தை வினாவெனத் தோன்றலாம். ஆனால் விலைப்பட்டியலைப் பார்த்து இதற்கு விடை காணல் அரிது. இக்கலம் எவ்வாறு வளர்ந்தது, எந்த நோக்கத்துக்காக எவர் அதனை மாற்றியமைத்தனர் என்னும் வரலாற்றை அறிந்தவர்க்கே விடை தெளிவாகும். தகாத கலத்தைத் தெரிந்தவர் முதற் பருவத்திலேயே அஞ்சிக் கடலைக் கைவிடுவர். சில வேளைகளில் அத்தவறு உயிருக்கும் ஏதமாகும்.

முதற்கண் பெயருக்குரிய பொருளை நோக்குதல் தகும். சோழமண்டலக் கரையிலும் இலங்கையின் வடகரையிலும் மீனவர் கையாண்ட கட்டுமரம், இலேசான மரக்குற்றிகள் சிலவற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கயிற்றாற் பிணித்த மிதவையாகும். அதற்கு உள்ளறை இல்லை. ஆகவே உள்ளே நீர் நிறைந்து அமிழும் என்னும் அச்சமும் இல்லை. மேலேறிய அலை மரங்களின் இடைவெளியால் வடிந்துவிடும். அதற்குத் துறைமுகம் வேண்டியதில்லை. அலை மோதும் வெறுங்கரையிலிருந்தே அதனைத் தள்ளிச் செலுத்தலாம், மீண்டும் அக்கரையிலேயே ஏற்றலாம். தொழில் முடிந்தபின் கட்டவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவர். நீரூறிய மரம் பாரங்கூடி மிதக்குந்திறன் குன்றும் ஆதலின். நீர் நிறையாமை, வெறுங்கரையில் ஏறியிறங்கும் இயல்பு, ஓரிருவர் தம் கைவலியாலேயே ஆளத்தக்க எளிமை ஆகிய மூன்றும் அதன் சிறப்புக்கள். இம்மூன்றும் பின்னர் வேண்டப்படுவன ஆதலின் நினைவிற் கொள்ளற்பாலன.

ஆங்கில மாலுமியாகிய வில்லியம் டாம்பியர் 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் இம்மிதவையைக் குறிப்பிட்டு அதன் பெயரையும் எழுதினார். அதன்பின் அச்சொல் ஆங்கிலத்திற் பல பொருள்களைத் தாங்கித் திரிந்தது. நெப்போலியனின் படைக்கலங்களைத் தகர்க்கும் பொருட்டு 1804ஆம் ஆண்டிற் பிரித்தானியர் பூலோன் துறைக்கு அனுப்பிய வெடிமருந்து மிதவைகளும் இப்பெயர் பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேச்சுவழக்கிற் சண்டைக்காரியாகிய பெண்ணையும் ஆங்கிலேயர் இச்சொல்லாற் சுட்டினர். ஈற்றில், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், இரட்டையுடற் பாய்க்கலத்துக்கு அப்பெயர் நிலைபெற்றது. பெயர் தமிழினின்றும் சென்றமையால் வடிவமும் தமிழரிடமிருந்தே சென்றது எனக் கொள்ளுதல் பொருந்தாது. சென்னை மாகாண மீன்பிடித்துறைக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் ஹோர்ணெல், 1920இல் வெளியான தமது ஆய்வில் இந்தியப் படகுவகைகளை விரிவாக வகுத்துக் காட்டினார். கட்டிய மிதவை வேறு, ஒரு பக்கத்தில் மிதவைத் தண்டு பூட்டிய ஒருடற் படகு வேறு, ஒத்த ஈருடல்களை இணைத்த தோணி வேறு என்பது இத்துறையில் முதலில் உணரவேண்டிய வேறுபாடு.

ஈருடற் தோணியின் தாயகம் பசிபிக் சமுத்திரம். பொலினீசிய மக்கள் அத்தகைய பெருந்தோணிகளிற் குடும்பத்தையும் விதைகளையும் விலங்குகளையும் ஏற்றிக்கொண்டு தீவுக்குத் தீவு சென்றனர். ஹவாயி, ராப்பா நூயி, நியூசிலாந்து ஆகிய தொலைவான நிலங்களை அவர்கள் குடியேற்றியது இவ்வாறே. பதினெட்டாம் நூற்றாண்டில் தாகித்தி, தொங்கா முதலிய தீவுகளுக்குச் சென்ற கப்பற்றலைவர் ஜேம்ஸ் குக் இத்தோணிகளைக் கண்டு குறித்துள்ளார். இக்காலத்தில் அப்பழந்திறனை மெய்ப்பிக்கும் நோக்குடன் கட்டப்பட்ட 'ஹோக்குலேயா' என்னும் தோணி, 1976ஆம் ஆண்டில் ஹவாயியிலிருந்து தாகித்திக்குத் திசையறி கருவி எதுவுமின்றிச் சென்றது. விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் கொண்டு வழிகாட்டியவர் மைக்குறொனீசியத் தீவொன்றைச் சேர்ந்த மௌ பியாயிலுக். பாரத்தைக் குறைத்து அகலத்தாலே நிலைபெறும் இவ்வமைப்பு, ஆழ்கடலுக்கும் ஏற்றதென்பது இதனாற் புலனாகும்.

ஐரோப்பாவில் இவ்வமைப்பை முதன்முதல் ஊன்றி ஆராய்ந்தவருள் ஒருவர் வில்லியம் பெற்றி. மருத்துவரும் பொருளியலறிஞரும் ஆகிய இவர், இலண்டன் வேத்தியற் கழகத்தைத் தோற்றுவித்தோருள்ளும் ஒருவர். 1662ஆம் ஆண்டு தொடக்கம் டப்ளின் நகரில் அவர் ஈருடற் கலங்களைக் கட்டினார். அவற்றுள் ஒன்று ஐரியக் கடலில் அஞ்சற் கப்பலோடு போட்டியிட்டு வென்றது. ஆயினும் 'பரிசோதனை' எனப் பொருள்படும் பெயருடைய அவரது பெரிய கலம் 1665இற் புயலில் அழிந்தது. 1684இற் கட்டிய இறுதிக் கலமும் பயன்தரவில்லை. வேகம் உண்டு, உறுதி ஐயத்துக்குரியது என்னும் எண்ணமே அறிஞர் மனத்தில் எஞ்சியது.

இருநூறு ஆண்டுகளின் பின் அமெரிக்காவில் நதானியேல் ஹெறஷொவ் என்னும் கப்பற் சிற்பி 'அமறிலிஸ்' என்னும் இரட்டைத் தோணியைக் கட்டினார். 1876ஆம் ஆண்டில், அமெரிக்கக் குடியரசின் நூற்றாண்டையொட்டி நியூ யோர்க்கில் நடந்த பாயோட்டப் போட்டியில் அது ஏனைய படகுகளைப் பின்தள்ளி ஓடியது. தோற்றோர் முறையிட்டனர், இரட்டைத் தோணி போட்டிக்குரிய படகன்று எனத் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டில் ஹெறஷொவ் தம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு உடல்களும் அலைக்கேற்பத் தனித்தனி அசையும்படி அவர் மூட்டுக்களை அமைத்தமை ஈண்டு நோக்கற்பாலது. போட்டி மன்றங்கள் கதவடைத்தமையால் இவ்வகைக் கலம் நெடுங்காலம் ஒரு விந்தைப் பொருளாகவே இருந்தது.

அக்கதவைத் திறந்தோர் பசிபிக்கின் பழமரபை மீண்டும் கண்டவர்கள். பிரெஞ்சுக்காரராகிய எரிக் டி பிஷொப், ஹவாயியில் 'கைமிலோவா' என்னும் இரட்டைத் தோணியைக் கட்டினார். ஒரேயொரு துணைவருடன் 1937இற் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1938இற் பிரான்சின் தென்கரையை அடைந்தார். போரின் பின் 1947இல், ஹவாயியில் வாழ்ந்த வூடி பிறவுண் தம் கூட்டாளிகளுடன் 'மனு காய்' என்னும் கலத்தை உருவாக்கினார். விசைப்பொறியற்ற வானூர்தியிற் பறந்து பழகிய அவர், போர்க்காலத்திற் கிறிஸ்மஸ் தீவிற் கண்ட தீவுவாசிகளின் இரட்டைத் தோணியை மனத்திற் கொண்டு, ஒட்டுப்பலகையால் மிக இலேசான கலத்தை ஆக்கினார். வைக்கிக்கிக் கரையிலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்ற அக்கலத்துக்குத் துறைமேடை தேவைப்படவில்லை. அலைவழியே மணலில் ஏறி நின்றது.

பிரித்தானியாவில் இருவேறு முயற்சிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன. எசெக்ஸ் மாவட்டத்துக் கன்வே தீவில் ஒடுங்கிய துடுப்போடங்களைக் கட்டிய றோலண்ட், பிரான்சிஸ் பிறவுற் என்னும் சகோதரர் 1952ஆம் ஆண்டின் ஒலிம்பிக் துடுப்போட்டத்திற் கலந்துகொண்டவர்கள். அவர்கள் அத்தகைய ஓடங்கள் இரண்டை இணைத்துப் பாய் கட்டிப் பார்த்த சோதனையிலிருந்து, 1950களின் நடுப்பகுதியில் 'ஷியர்வோட்டர்' என்னும் சிறுகலம் தோன்றியது. ஒரே வார்ப்பிற் பலவாக ஆக்கி விற்கப்பட்ட தொடக்ககால இரட்டைத் தோணிகளுள் அது முதன்மையானது. மற்றவர் ஜேம்ஸ் வாறம். ஏறக்குறைய 23½ அடி நீளமுள்ள 'தங்கறோவா' என்னும் தோணியைத் தாமே கட்டி, இரு பெண்களுடன் 1955-56இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து திரினிடாட் தீவை அடைந்தார். பின்னர் 'றொங்கோ' என்னும் 40 அடித் தோணியில் 1959இல் வட அத்திலாந்திக்கை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தார். 2021இல் மறையும்வரை, எளியோர் தாமே கட்டத்தக்க வரைபடங்களை அவர் வழங்கி வந்தார். அவருடைய பிற்கால அமைப்புக்கள் பலவற்றில் குறுக்கு மரங்களை உடல்களோடு இணைப்பது ஆணியன்று, கயிறு. அலையில் நெகிழ்ந்து கொடுக்கும் பொருட்டு அவர் கயிற்றைத் தேர்ந்தமையால், கட்டிய மரம் என்னும் தமிழ்ப்பெயர் ஆங்கே மீண்டும் மெய்ப்பொருள் பெற்றது.

1960களில் வரலாறு இரு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை வேகத்தை நாடியது. 1967ஆம் ஆண்டில் றொட்னி மார்ச் என்னும் ஆங்கிலேயர் வகுத்த 'ரொர்னேடோ', 20 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையது. நீரில் இறக்கும் நடுப்பலகைகளும் பெரும்பாயும் அதற்கு உண்டு. 1976 தொடக்கம் 2008 வரை அது ஒலிம்பிக் போட்டிக் கலமாக விளங்கியது. 2016ஆம் ஆண்டில் அவ்விடத்தை 'நக்றா 17' பெற்றது. ஆணும் பெண்ணும் இணைந்து ஓட்டும் அக்கலம், பின்னர் நீர்ச்சிறகுகளின் மேல் எழுந்து ஓடுமாறு மாற்றப்பட்டது. இக்கிளையின் முடிவு எத்தகையது என்பதற்கு ஒரு துயர நிகழ்ச்சி சான்று. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அமெரிக்கக் கிண்ணப் போட்டிக்கான பயிற்சியின்போது 72 அடி இரட்டைத் தோணியொன்று கவிழ்ந்து உடைந்தது. அதன்கீழ் அகப்பட்டு உயிரிழந்தவர் ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்ற பிரித்தானிய மாலுமி. தேர்ந்தோர்க்கே இவ்வாறாயின், தொடங்குவோர் வேகத்தை அளவுகோலாகக் கொள்ளுதல் எத்துணைப் பிழை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மற்றக் கிளை கடற்கரை மணலில் தளிர்த்தது. கலிபோர்ணியாவின் டானா முனையில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்து விற்ற ஹோபி அல்ற்றர், நுரைப்பொருளையும் கண்ணாடியிழையையும் இணைத்து இலேசான பொருள் ஆக்கும் தொழிலிற் கைதேர்ந்தவர். 1968இல் அவர் ஒருவர்க்குரிய 14 அடித் தோணியை வெளியிட்டார். அதையடுத்து இருவர்க்குரிய 'ஹோபி 16' பிறந்தது. அது 16 அடி 7 அங்குல நீளமும், 8 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும், ஏறக்குறைய 320 இறாத்தல் நிறையும் கொண்டது. அதன் உடல்களில் நடுப்பலகை இல்லை. ஒவ்வோர் உடலும் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருத்தலால், காற்றாற் பக்கவாட்டில் அடிபட்டுச் செல்லாது நேர்செல்லும். சுக்கான்கள் தரை தட்டியவுடன் தாமே மேலெழும். எனவே பாய் விரித்தபடியே மணலில் ஏறலாம். இத்தோணி ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் ஆக்கப்பட்டு உலகக் கரைகள் எங்கும் பரவியது. பாயோட்டம் செல்வர் சங்கங்களின் தனியுடைமை என்னும் நிலையை மாற்றியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஆயினும் பரவியது எல்லாம் பயில்வோர்க்கு ஏற்றதாகிவிடாது. இரட்டைத் தோணியின் இயல்பை அறிந்தே இதனைத் தீர்மானித்தல் வேண்டும். அடிப்பாரம் பூண்ட ஒற்றையுடற் பெரும்படகு காற்றிற் சாய்ந்தாலும் அப்பாரம் அதனை நிமிர்த்தும். இரட்டைத் தோணிக்கு அகலமே துணை. காற்றுப்புற உடல் நீரை விட்டு எழும் கணத்தில் அதன் நிமிருந்திறன் உச்சத்தை அடைகின்றது. அதற்கு மேற் சாயச் சாய அத்திறன் குறைந்துகொண்டே செல்லும். முற்றாகத் தலைகீழானபின் அந்நிலையிலும் அது உறுதியாக நிற்கும். ஆகவே தொடக்கத்தில் மிக உறுதியாகத் தோன்றும் இக்கலம் எச்சரிக்கை குறைவாகவே தரும். இரண்டாவது இடர், விரைந்தோடும்போது காற்றின் கீழ்ப்புறத்து அணியம் நீருள் அமிழ்ந்து, கலம் குப்புற வீழ்தல். ஹோபி 16 இவ்வியல்பு சற்று மிகுந்தது. மூன்றாவது இடர் காற்றை ஊடறுத்துத் திரும்புகையில் நேர்வது. இலேசான ஈருடற் கலம் விரைவில் வேகமிழக்கும். பாதி திரும்பியபின் காற்றுக்கு எதிரே செயலற்று நிற்கும். அணியப் பாயைச் சற்றுநேரம் எதிர்ப்புறம் பிடித்தலும், கலம் பின்னோக்கி நகரும்போது சுக்கானை மாற்றிப் பிடித்தலும் இதற்குப் பரிகாரம்.

இக்குறைகளைக் கண்டே பின்வந்தோர் கலத்தை எளிமையாக்கினர். இதில் உற்றுநோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒலிம்பிக் வேகக்கலமாகிய ரொர்னேடோவை வகுத்த அதே றொட்னி மார்ச், 1970களின் நடுப்பகுதியில் 'டார்ட் 18' என்னும் 18 அடித் தோணியையும் வகுத்தார். முன்னையதிற் சேர்த்தவற்றைப் பின்னையதில் அவரே நீக்கினார். நடுப்பலகை இல்லை, பாயின் கீழே தலையைத் தாக்கும் அடித்தண்டும் இல்லை. வேகத்தின் எல்லையை அறிந்த ஒருவரே எளிமையின் தேவையையும் உணர்ந்தார் என்பது இதன் பொருள். ஹோபியின் பெயரால் வந்த பிற்காலத் தோணிகளுள் 'வேவ்' என்பது 13 அடி நீளமும் ஒரே பாயும் உடையது. கண்ணாடியிழைக்குப் பதிலாகச் சூட்டில் வார்த்த பொலித்தீன் வகைப் பொருளால் ஆகியது. பாயின் அடித்தண்டு அதற்கும் இல்லை. 'கெற்றவே' என்பது இதே முறையில் ஆகிய பெரிய தோணி. குடும்பத்தார் பலர் ஒருங்கு செல்லத் தக்கது. இவை வேகத்தில் தாழ்ந்தவை, நிறையிற் கூடியவை. ஆனால் கல்லில் உரசினும் எளிதில் உடையா. பயில்வோர் செய்யும் பிழைகளைப் பொறுக்கும்.

இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் விடை யாது? முதற் கலத்தைத் தெரிபவர் அதன் வேகத்தைப் பற்றி வினவுமுன், அது கவிழ்ந்தால் நிகழ்வது யாது என வினவுதல் வேண்டும். வீழ்ந்த தோணியை நிமிர்த்துவோர், முதலில் அதன் அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்புவர். பின்பு நீரிற் கிடக்கும் உடலின் மேல் நின்று, மேலே எழுந்துள்ள உடலிற் பிணித்த கயிற்றைப் பற்றிப் பின்னோக்கிச் சாய்வர். உடல்நிறையே இங்கு நெம்புகோல். ஹோபி 16 போன்ற கலத்தை நிமிர்த்த வளர்ந்தோர் இருவரின் நிறை பொதுவாக வேண்டும். மெலிந்த ஒருவரால் அது இயலாது. தனியே செல்ல எண்ணுபவர்க்கு 13 அடிக் கலம் தகும். துணை உள்ளவர்க்கு அதனிற் பெரியது தகும். பாய்மர நுனியில் மிதவை பூட்டிய கலம் முற்றாகத் தலைகீழாவது அரிது. அடுத்து, கரையின் தன்மையை நோக்க வேண்டும். மணற்கரையினர்க்கு நடுப்பலகையற்ற தோணியே ஏற்றது. மின்கம்பி செல்லும் இடத்திற் பாய்மரம் நாட்டலாகாது. உலோகப் பாய்மரம் மின்கம்பியிற் பட்டு உயிர்கள் மாண்டதுண்டு.

பழைய தோணியை வாங்குவோர் மேலும் சிலவற்றைச் சோதித்தல் நன்று. கண்ணாடியிழை உடல் வெயிலாலும் முதுமையாலும் உட்பிரிந்து மென்மையாகும். குறுக்குத் தண்டுகளின் அருகிலும் மேற்றளத்திலும் பெருவிரலால் அழுத்தினால் அமிழும் இடம் உண்டாயின் அக்கலம் விலைக்கு உரியதன்று. உடலைச் சற்று உயர்த்தி அசைத்தால் உள்ளே நீர் அலைக்கும் ஓசை கேட்கலாகாது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் இழை அறுந்திருப்பின் அவற்றை முதலில் மாற்றுதல் வேண்டும். வார்த்த பொலித்தீன் உடல் மோதலைத் தாங்கும். ஆனால் பிளந்தபின் செப்பனிடுதல் கடினம். கலத்தினும் விலையுயர்ந்தது பயிற்சி. காற்று மெல்லிய நாளில், அறிந்தவர் ஒருவர் துணையுடன், கரைக்கு அருகே வேண்டுமென்றே கலத்தைக் கவிழ்த்து நிமிர்த்திப் பழகியவரே பின்னர் அஞ்சாது செல்வர். மிதவைக் கஞ்சுகம் அணியாது புறப்படுதல் எத்துறையிலும் ஒவ்வாது.

பெற்றியின் பெருங்கலம் புயலில் மறைந்தது. ஹெறஷொவின் வெற்றி தீர்ப்பினால் மறுக்கப்பட்டது. நீர்ச்சிறகுக் கலங்கள் தேர்ந்தோர் சிலர்க்கே உரியனவாய் நின்றன. பலரைக் கடலுக்கு அழைத்துச் சென்ற பெருமை கடற்கரைத் தோணிகளுக்கே உரியதாயிற்று. அடைத்த உடல் உடைமையால் அவற்றுள் நீர் நிறைவதில்லை. துறையின்றி வெறுமணலில் அவை ஏறியிறங்கும். ஓரிருவர் தம் வலியாலேயே அவற்றை நிமிர்த்திச் செலுத்தலாம். சோழமண்டலக் கரை மீனவரின் மிதவைக்கு உரியனவாக முன்னர்க் கூறிய மூன்று சிறப்புக்களும் இவையே. ஹோபி அல்ற்றர் அம்மிதவையைப் பார்த்துக் கற்றார் எனக் கூறச் சான்றில்லை. அவ்வாறு கூறிப் பெருமை கொள்ளுதலும் வரலாற்றுக்குப் பொருந்தாது. அலை மோதும் வெறுங்கரையில் வாழ்வோர் எந்நாட்டவராயினும் அவர்க்குக் கடல் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றது. அப்பாடத்தை ஏற்ற கலத்தையே புதிய மாலுமி முதலிற் தெரிந்துகொள்ளல் வேண்டும். விரைவுக்குரிய கலத்தை, கடலைப் பழகியபின் தேடிக்கொள்ளலாம்.